அண்ணை றைற்

கல்லூரி விடுதிக்கு வந்த முதல் மாதம், நான் வாய் திறந்தால் தோழியர் சிரித்தார்கள். அரிப்புக் கரையோரப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. வெட்கப்பட்டுப் புத்தகத் தமிழில் பேசப் பழகினேன். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது உம்மும்மா, “என்ன மகள், வெளியூர்ப் புள்ள மாதிரிக் கதைக்கிறாய்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு வாப்பா தம் கைபேசியில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டார். கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’. யாழ்ப்பாணத்துப் பஸ் கொண்டக்டராக ஒருவரே நடித்து, ஒரு பஸ் நிறையச் சனத்தைக் கண்முன் நிறுத்துகிறார். உம்மும்மா விழுந்து விழுந்து சிரித்தார். என் தோழியரின் சிரிப்பில் நான் அந்நியமானேன். இந்தச் சிரிப்பிலோ எல்லோரும் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.

பாலச்சந்திரன் 1944இல் கரவெட்டியில் பிறந்தவர். மேடையிலும் இலங்கை வானொலியிலும் நடித்துப் பேர் பெற்றவர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ திரைப்படத்திலும் நடித்தார். மீனவர் வாழ்வைச் சொல்லும் அந்தப் படத்தைப் பிடித்த இடம் எங்கள் மன்னார்த் தீவின் பேசாலை என்று வாப்பா சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கரையும் ஒரு கதைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது!

பின்னர் அவர் கனடாவில் குடியேறினார். அங்கிருந்து எழுதிய ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ நாவலும் மீனவர் கதைதான். 2014இல் கனடாவிலேயே காலமானார். கடல் கடந்து போனாலும் ஊர்ப் பேச்சை அவர் விடவில்லை.

“நாங்களும் 1990இல் வீட்டையும் வள்ளத்தையும் விட்டுப்போட்டுத்தான் புத்தளத்துக்குப் போனோம். கதைக்கிற கதையை மட்டும் விடல்ல” என்றார் உம்மும்மா. அத்தனை வருட அகதி வாழ்விலும் அவர் காத்து வந்ததை நான் ஒரே மாதத்தில் தொலைக்கப் பார்த்தேனே!

அடுத்த தவணையில் தமிழ் மன்ற நாடகத்தில், கடலுக்குப் போன மகனைக் காத்திருக்கும் தாயாக நடித்தேன். உம்மும்மா பேசுவதைப் போலவே பேசினேன். முதல் வசனத்துக்குச் சபை சிரித்தது. மூன்றாவது வசனத்தில் அமைதியானது. முடிவில் முன்வரிசைத் தோழி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதல் மாதத்தில் அதிகம் சிரித்தவள்.

தோழியரே, பரீட்சைக்குச் செந்தமிழ் எழுதுவோம். உம்மாவோடு கதைக்கும்போது ஊர்த் தமிழிலேயே கதைப்போம்.