காது வைத்த வெள்ளி

பழைய நாணயம் சேர்ப்பதென்றால் அது பட்டணத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் தோட்டப்புறத்தில் நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். நானும் அப்படி எண்ணியிருந்தவன்தான். என் தாயார் காலமான பிறகு அவருடைய துணிப் பெட்டியின் அடியில் ஒரு மைலோ டின் அகப்பட்டது. திறந்தால், கிழிந்த சேலைத் துண்டில் முடிந்த பதினேழு பழைய காசுகள்! ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுரக் காசுகள் சில, இருபது காசு நாணயங்கள் சில, 1919-ஆம் ஆண்டு போட்ட ஒரு வெள்ளி நாணயம் ஒன்று. எல்லாம் கறுத்துக் கிடந்தன. மனம் பொறுக்கவில்லை. குத்துவிளக்குத் துலக்குவது போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன்.

அந்தப் பெருமையோடு ஒரு ஞாயிறு காலை ஈப்போவில் கூடும் பழம்பொருள் சந்தைக்குக் கொண்டு போனேன். அங்கே சின்ன மேசை போட்டு நாணயம் விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சிக்கு, உங்கள் அம்மா இத்தனை வருஷம் காப்பாற்றியதை நீங்கள் அரை மணி நேரத்தில் கெடுத்துவிட்டீர்களே!" என்றார்.

பழைய நாணயத்தின் மேல் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கல்ல, அதன் வயதுக்குச் சாட்சி. அதைத் தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் மன்னர் மீசையின் மயிரும் சேர்ந்து தேய்ந்து போகும், விலையும் இறங்கிவிடும் என்று அன்றுதான் தெரிந்து கொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை!

அவமானப்பட்டுத் திரும்பியவன் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இப்படியாகப் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன.

சந்தை முடிந்ததும் பக்கத்துக் கோப்பிக் கடையில் நாங்கள் மூவர் உட்காருவது வழக்கம். சீனப் பெரியவர் ஒருவர். தபால் நிலையத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரப் பாக்சிக் இன்னொருவர். மூன்றாவது ஆள் நான். மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவோம். பார்ப்பவர்கள் எங்களைப் பைத்தியம் என்றுகூட நினைக்கலாம்.

நாங்கள் அதிகம் பேசியது நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஒரு வெள்ளி நாணயத்தைப் பற்றித்தான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைச் சேர்த்து வெள்ளைக்காரர்கள் ஆண்ட நிர்வாகத்துக்கு அந்தப் பெயர். அதற்குமுன் மெக்சிகோ டாலரும் வேறு பல டாலர்களும் இங்கே புழங்கின. 1903-இல்தான் இந்த நாட்டுக்கென்று தனி டாலர் அச்சிட்டார்கள். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஏழாம் எட்வர்ட் மன்னர். மறு பக்கம் கொடிபோல் வளைந்த பூவேலைக்கு நடுவே ஜாவி எழுத்திலும் சீன எழுத்திலும் 'ஒரு வெள்ளி' என்ற மதிப்பு.

பாக்சிக் ஜாவியை விரலால் தொட்டு வாசிப்பார். சீனப் பெரியவர் தம் எழுத்தை வாசிப்பார். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. இது என் மனத்தில் நெடுநாள் உறுத்திக் கொண்டிருந்தது. ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பாக்சிக் சிரித்தார்.

"ரிங்கிட் என்றால் என்ன தெரியுமா? ரம்பப் பல் போன்ற விளிம்பு. பழைய ஸ்பானிய டாலரின் ஓரத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் வைத்த பெயர். நீங்கள் அதை என்னவென்று சொல்கிறீர்கள்?"

"வெள்ளி என்கிறோம்" என்றேன்.

"எங்களுக்கு ஓரம், உங்களுக்கு உலோகமே கிடைத்திருக்கிறது. பிறகு என்ன குறை?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நாணயத்தில் ஒரு துளி வெள்ளிகூட இல்லாமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றும் நாம் கடையில் 'பத்து வெள்ளி' என்றுதானே கேட்கிறோம்? ஆங்கிலக்காரன் ரொக்கத்துக்குச் சொல்லும் 'கேஷ்' என்ற சொல்கூட, பழைய சின்ன நாணயத்தைக் குறிக்கும்போது, நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கு ஒரு கதை உண்டு. 1903-இல் அச்சிட்ட டாலர் ஏறக்குறைய 27 கிராம் எடை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. உள்ளங்கையில் வைத்தால் கை சற்றுத் தாழும். வெளிச் சந்தையில் வெள்ளி விலை ஏறியதும், நாணயத்தை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தது. எனவே 1907-இல் அதே டாலரை 20 கிராமாகச் சிறுக்கி அச்சிட்டார்கள். பழைய பெரிய நாணயங்களில் பெரும்பாலானவை திரும்ப வாங்கி உருக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் டாலர் 17 கிராம்கூட இல்லை. அதிலும் பாதிதான் வெள்ளி. கணக்குப் போட்டால், 1903-இல் 24 கிராம் இருந்த சுத்த வெள்ளி பதினாறு ஆண்டுகளில் எட்டரைக் கிராமுக்குள் வந்துவிட்டது. நாணயத்தில் எழுதியிருப்பது மட்டும் மாறவில்லை: ஒரு டாலர்!

1920-களின் கடைசியில் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் காலத்து ஐம்பது காசு நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு மனிதர் விடியற்காலைப் பெரட்டிலிருந்து பால் நிறுக்கும் வரை உழைத்த உழைப்பு அந்த ஒற்றை நாணயம். பெண்ணுக்கு இரண்டு இருபது காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அதையும் குறைத்தார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் இந்த நாணயங்களைக் கொடுத்துக் கணக்குச் சொல்லித் தந்தால், பாடப் புத்தகத்தில் தூங்குகிற பையன்கூட விழித்துக் கொள்கிறான்.

நாணயத்தின் எழுத்தில் அரசியலும் ஒளிந்திருக்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு மலாயா நாணயத்தில் அவர் 'இந்தியாவின் பேரரசர்'. 1948-ஆம் ஆண்டு நாணயத்தில் அந்தப் பட்டம் இல்லை. வெறும் 'ஆறாம் ஜார்ஜ் மன்னர்' என்று நின்றுவிட்டார். இடையில் 1947-இல் இந்தியா விடுதலை பெற்றுவிட்டதல்லவா! "உங்கள் எழுத்து இல்லை என்றீர்களே, நீங்கள் இல்லாமல் போனதுகூட அதில் எழுதியிருக்கிறது" என்று சீனப் பெரியவர் ஒருமுறை கேலி செய்தார்.

எனக்குப் பிடித்த வடிவம் எது என்று கேட்டால் மன்னர்களையெல்லாம் விட்டுவிட்டு 1989-இல் வந்த மலேசிய நாணயங்களைச் சொல்வேன். ஐந்து காசில் பம்பரம், பத்துக் காசில் சோங்காக், இருபது காசில் வெற்றிலைத் தட்டு, ஐம்பது காசில் பட்டம். சோங்காக் வேறு, நம் பல்லாங்குழி வேறா? எந்த லயத்து வீட்டுத் திண்ணையில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் இருந்தது? 2012-இல் புழக்கத்துக்கு வந்த புதிய வரிசையில் அந்தப் படங்கள் இல்லை. அழகுதான், ஆனாலும் பிள்ளைகள் கைகாட்டிப் பெயர் சொல்ல அதில் ஒன்றும் இல்லையே என்பது என் குறை. இதைச் சொன்னால் பாக்சிக் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், நான் வகுப்பில் நாணயம் காட்டிய மறுநாள், தன் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்துவிட்டான். கண் புரை விழுந்த கிழவி. பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தார். கை சற்றுத் தாழ்ந்தது. பார்க்காமலே தெரிந்துவிட்டது, பழைய பெரிய டாலர்! 1904. என் தொகுப்பில் அந்த அளவு நாணயத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தேனே தவிர, வாங்க வசதிப்பட்டதில்லை.

"எங்க அப்பாயி கழுத்துல கெடந்ததுங்க ஐயா. பய பாரம் ஒன்னுக்கு டவுனுக்குப் போவணும். சட்டை, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் இருக்கு. ஐயாதான் ஒரு நல்ல வெலைக்கு வித்துக் குடுக்கணும்" என்றார்.

நாணயத்தின் உச்சியில், மாலையில் கோப்பதற்காகப் பற்றவைத்த சின்ன வளையம் இருந்தது. சேகரிப்பவர்கள் இதைப் பெரிய குறையாகவே கருதுவார்கள். பற்றவைத்த சூட்டில் மன்னர் கிரீடத்தின் பக்கத்து எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. அந்த வளையத்தை எடுத்துவிட்டால் நல்ல விலை போகும் என்று எனக்குத் தோன்றியது. புளி போட்டுத் தேய்த்த அதே புத்திதான், வேறென்ன? பாட்டியைக் கேட்காமலே பட்டணத்துப் பத்தரிடம் கொடுத்து வளையத்தை எடுக்கச் சொன்னேன். அவரும் அரத்தால் ராவிச் சுத்தமாக்கிக் கொடுத்தார்.

ஞாயிறன்று சீனப் பெரியவர் ஓரத்தைப் பார்த்தார், தராசில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். "ராவிய இடம் பளிச்சென்று தெரிகிறது. இப்போது இது வெள்ளி எடை விலைதான்" என்றார். திரும்ப வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன்.

பாட்டி அதை வாங்கிக் கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு என் பக்கம் நீட்டினார்.

"இது எங்க காசு இல்லீங்களே. எங்க காசுக்குக் காது இருக்கும்."

நான் எத்தனை சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதா, நம்பவில்லை என்பதா? கண் தெரியாதவருக்கு அந்தக் காதுதான் அடையாளம். அறுபது வருஷமாக விரல் அறிந்த அடையாளம். அது இல்லாத நாணயம் வேறு யாருடையதோ நாணயம். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்று மாலைக்குள் கடையில் பேச்சு கிளம்பிவிட்டது: வாத்தியார் கிழவியின் காசை மாற்றிவிட்டார்! நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டென்று எத்தனை தரம் வகுப்பில் சொல்லியிருப்பேன்! அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் பள்ளி முடிந்ததும் பாட்டியையும் பேரனையும் காரில் ஏற்றிக்கொண்டு பத்தர் கடைக்குப் போனேன். நல்ல வேளையாக அவர் அந்த வளையத்தை உருக்கவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து மேசை அறையில் போட்டு வைத்திருந்தார். அதைப் பாட்டியின் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நூல் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் மட்டும் மெலிந்து போயிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இதுதாங்க. தேஞ்ச பக்கம் இதுதான்" என்றார்.

பத்தர் எங்கள் கண்ணெதிரே மீண்டும் பற்றவைத்தார். கூலி வேண்டாம் என்றார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன். வழியில் பாட்டி ஒன்றும் பேசவில்லை. லயத்து வாசலில் இறங்கும்போது, "விக்க வேணாம் ஐயா. இருந்துட்டுப் போவுது" என்றார். அடுத்த வாரம் ஆறு நாட்டுக் கோழிகளை விற்றுப் பேரனுக்குச் சப்பாத்து வாங்கியதாகப் பையன் சொன்னான். மற்றதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உதவியது.

இதைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். அந்த நாட்டுப் பெரிய டாலர்களை அரசாங்கம் திரும்ப வாங்கி உருக்கியபோது இந்த ஒன்று தப்பியது எப்படி? காது வைத்து ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்ததால்தானே? நாங்கள் குறை என்று தள்ளும் அந்த வளையம் இல்லாவிட்டால், ராவிக் கெடுக்க எனக்கு நாணயமே கிடைத்திருக்காது. ஜாவி இருக்கிறது, சீனம் இருக்கிறது, தமிழ் இல்லையே என்று குறைப்பட்டேனே, நம்மவர்கள் அதன் உச்சியில் பற்றவைத்துச் சென்ற வேலை என் கண்ணில் படவில்லை.

போன ஞாயிறு கோப்பிக் கடையில் பாக்சிக் என் தொகுப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர், காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"பெரிய டாலர் ஒன்று பார்த்ததாகச் சொன்னீர்களே, வாங்கவில்லையா?"

"விலைக்கு வரவில்லை" என்றேன்.