நாகூர் சாலை, 28

செமினியிலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போனால் கொம்தார், பினாங்கு மலை, நாசி கண்டார் என்று சுற்றிவிட்டுத் திரும்புவோம். இம்முறை நாகூர் சாலைக்கும் போனேன். தமிழ்நாட்டு நாகூரின் பெயர் தாங்கிய இச்சாலையின் 28ஆம் எண் கட்டடத்தில்தான் பினாங்கின் ஒரே யூதத் தொழுகைக்கூடம் 1929இல் திறக்கப்பட்டது. அவர்களின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேராவது வேண்டும். அத்தனை பேர் இல்லாமல் போனதால் 1976இல் மூடிவிட்டார்கள்.

மூடிய கூடத்தை என்ன செய்வது? சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூலில் நிபந்தனைகள் இருக்கின்றன. விற்ற பணத்தில் அதைவிடப் புனிதமானதையே வாங்க வேண்டும். குளியல் கூடமோ தோல் பதனிடும் இடமோ ஆக்குவதற்கு விற்கக்கூடாது. பல ஊரார் வந்து தொழும் நகரக் கூடத்தை உள்ளூரார் மட்டும் விற்க முடியாது என்கிறது அதன் பிற்கால விளக்கமான தல்மூட்.

நம் தோட்டக் கோயில்களை நினைத்துக்கொண்டேன். பால்மரம் சீவியவர்களின் சம்பளத்தில், துரையின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை பல. செமினி வட்டாரத்தைப் போல் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும் இடங்களில் முதலில் கேட்கப்படுவது நிலப்பட்டா. வாய்ச்சொல் அங்கே செல்லாது.

மின்விசிறியில்கூட உபயதாரர் பெயரைப் பொறிக்கிறோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கோயில் இடம் மாறினால் உபயப் பொருள் எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கோயில் நிர்வாகத்திடம் கொடுத்து வைப்போம்.