ஆம்ப் எங்கே உட்காரணும்?

எங்க வாசுதேவநல்லூர் பக்கம் கோயில் கொடைக் கச்சேரிகள்ல கிடாருக்குன்னு தனி ஆம்ப் பார்க்கிறது அபூர்வம். காலடியில மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி, அங்கிருந்து நேரா மிக்சர். ஆம்ப்ங்கறதே பெட்டிக்குள்ள ஒரு கட்டம்தான். எங்க வேணா நகர்த்தலாம். வம்பே அதுதான்!

போன கொடையில ஒரு தம்பி அதைக் கடைசியில வச்சிருந்தார். விரல் அபாரம். ஆனா டிலேயும் ரிவர்ப்பும் ஆம்புக்கு முன்னாடி. எதிரொலியும் சேர்ந்து டிஸ்டார்ஷன்ல அரைபட்டு, சோலோ மொத்தமும் கூழ். "அடுத்த வருஷம் கிடாரே வேண்டாம்"னு பெருசு ஒருத்தர் தீர்ப்பே சொல்லிட்டார். இடைவேளையில தம்பிகிட்ட வரிசையை மாத்தச் சொன்னேன். அப்புறம் பெருசு வாயே திறக்கல :-)

வா-வா, ஓவர்டிரைவ் முன்னாடி. அடுத்து ஆம்ப், ஒட்டினாப்ல கேபினெட். டிலே, ரிவர்ப் அதுக்கும் பின்னாடி. நிஜ ஆம்ப்கள் பலதுலயும் இதுக்காகவே ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவுல சென்ட்-ரிட்டர்ன் இருக்கும். 1975-ல வந்த ரோலண்ட் ஜேசி-120 மாதிரி க்ளீன் ஆம்ப்னா எல்லாப் பெடலும் முன்னாடியே இருக்கலாம். டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் டிலே வந்தா போதும்.