குடத்துக்குள் யார் பேர்?

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்குங்கள். ஊருக்கு நடுவிலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். சாமி கும்பிட்ட கையோடு சுவரையும் படிக்க வேண்டிய கோயில் இது!

நான் போன ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் ஒருத்தர் பத்துப் பன்னிரண்டு வாண்டுகளுக்குத் திருப்பாவை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் எல்லோரையும் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

''பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. வருஷம் 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டுத்தான் எடுப்பாங்க!''

வாண்டுகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

வயசு 35-லிருந்து 70-க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமில்லை, அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை. (நம்ம ஆபீஸில் மாட்டினால் பாதி நாற்காலி காலி!)

ஒரு பொடியன் எழுந்தான். ''சார், எங்களுக்கு நிலமே கிடையாதே. எங்க முப்பாட்டன் பேரு குடத்துல இருந்திருக்குமா?''

வாத்தியார் மழுப்பவில்லை. ''இருந்திருக்காதுடா. அது பிராமணர் சபை. பொம்பளைங்க பேரும் கிடையாது. நாடு முழுக்க ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் ஓட்டு வந்தது 1951-52 தேர்தல்லதான். ஆனா, இந்தக் கல்லைச் சுமந்தவங்க, வயலை உழுதவங்க எல்லாம் யாரு? அவங்க ஊரும் இதுதானே!''

பெருமையை மட்டும் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்கு அது அடுத்த வீட்டுக் கதை. வெளியே நின்றவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் சொந்த ஊர்.

வகுப்பு கலைந்தது. பொடியன் மட்டும் நகரவில்லை. கல்லில் விரலை ஓட்டியபடி கேட்டான்: ''இதுல 'க' எது சார்? என் பேர்ல வர்ற எழுத்து!''