இருட்டுப் பொந்துக்குள்ள போக எந்த லைட்டு?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன்னு சொன்னா போதும், சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நல்ல எல்.ஈ.டி. லைட் ஒண்ணு சொல்லுங்களேன்" என்பதுதான். ஒருத்தருக்கு கார் பானெட்டுக்குள்ள பார்க்கணும், இன்னொருத்தருக்கு வீட்டு சம்ப் கழுவணும். தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா ஒரு பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பழைய ஹேண்ட் லேம்ப் ஞாபகம் இருக்கா? கம்பிக் கூண்டு, உள்ள குண்டு பல்பு, பின்னாடி பாம்பு மாதிரி ஒயர். பானெட்டுல கொக்கி போட்டு மாட்டுவாங்க. கை பட்டா சுடும், கீழ விழுந்தா பல்பு போச்சு. அதைவிட பெரிய ஆபத்து, அந்த ஒயர்ல ஓடுறது 230 வோல்ட். இரும்பு டேங்குக்குள்ள வேர்வையோட உட்கார்ந்திருக்கிறவருக்கு சுத்தி எல்லாப் பக்கமும் எர்த்துதான். அதனாலதான் 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 36ஏ-ன்னு ஒரு பிரிவே போட்டாங்க: டேங்க், குழி, குழாய் மாதிரி இடங்களுக்குள்ள, தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாம, 24 வோல்ட்டுக்கு மேல உள்ள கைவிளக்கு கொண்டு போகக்கூடாது. இப்போ சட்டங்கள் மாறிடுச்சு, ஆனா கரண்ட் மாறல. சார்ஜ் பண்ற எல்.ஈ.டி. லைட்டுல இருக்கிற ஒரு லித்தியம் செல் 3.7 வோல்ட்தான். ஷாக் பயம் அதோட போச்சு.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேணும்? கடையில எல்லாரும் லூமென்ஸ் கணக்குதான் கேட்கிறாங்க. கூடுதலா இருந்தா நல்லதுன்னு நினைப்பு. குறுகலான இடத்துல இது தலைகீழ். தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு ஆகும். 300 லூமென்ஸ்ல வெளிச்சம் பரவி விழுற லைட்டை அரை மீட்டர்ல வெச்சாலே, ஆபீஸ் மேஜைக்கு வேண்டிய அளவு கிடைச்சிடும். 1000 லூமென்ஸை அங்க கொண்டு போனா பளபளன்னு இருக்கிற தகடுல பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், அப்புறம் போல்ட்டும் தெரியாது நட்டும் தெரியாது. தூரமா அடிக்கிற டார்ச்சும் வேண்டாம். நடுவுல ஒரு வெள்ளை வட்டம், சுத்தி கும்மிருட்டு. முன்னாடி பால் நிற மூடி போட்டு, வெளிச்சத்தைக் குறைக்க கூட்ட வசதியோட இருக்கிறதா பாருங்க.

பேட்டரி. பெரும்பாலான லைட்டுல 18650-ன்னு ஒரு செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதான் பேரு. இந்த சைஸ்ல நல்ல செல்லே 3500 எம்.ஏ.ஹெச். பக்கம்தான் கொடுக்கும். மேல 9900-ன்னு அச்சடிச்சிருந்தா அது பொய், வெச்சிட்டு வந்துடுங்க. நல்ல செல் ஒண்ணு, 300 லூமென்ஸ்ல சுமாரா மூணு நாலு மணி நேரம் வரும். குழிக்குள்ள இருக்கும்போது லைட் அணையறது விளையாட்டு இல்ல, அதனால பேட்டரி அளவு காட்டுற சின்ன விளக்கு உள்ளதா வாங்குங்க.

ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும். வாயில டார்ச்சைக் கவ்விக்கிட்டு வேலை செஞ்சவங்களுக்கு இது புரியும். அடியில காந்தம், பின்னாடி கொக்கி, ரெண்டும் வேணும். ஏன்னா அலுமினியத்துலயும், பெரும்பாலான எவர்சில்வர் டேங்குலயும் காந்தம் ஒட்டாது. தலையில மாட்டுற லைட் இன்னும் வசதி, என்ன, எதிர்ல இருக்கிறவர் கண்ணு கூசும்.

ரெண்டு விஷயம் யாரும் பார்க்கிறதில்ல. ஒண்ணு, நிறம். மட்டமான எல்.ஈ.டி. வெளிச்சத்துல சிவப்பு செத்துப் போயிடும், சிவப்பு ஒயரும் பிரவுன் ஒயரும் ஒண்ணாத் தெரியும். பேனல் வேலை பார்க்கிறவங்க சி.ஆர்.ஐ. 90-க்கு மேல இருக்கான்னு கேட்டு வாங்கணும். ரெண்டு, துடிப்பு. சில லைட்டு கண்ணுக்குத் தெரியாம விட்டு விட்டு எரியும். அந்த வெளிச்சத்துல சுத்துற ஃபேன் நிக்கிற மாதிரி தெரியலாம், கை போயிடும். மொபைல் கேமராவுல லைட்டைப் பாருங்க. கோடு கோடா ஓடுச்சுன்னா சந்தேகப்படுங்க.

ஈரமான இடம்னா ஐ.பி. 67 நல்லது. தூசி போகாது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். பெட்ரோல், தின்னர் ஆவி இருக்கிற இடத்துக்கு இந்த லைட்டு எதுவுமே ஆகாது. அதுக்குன்னு சான்று வாங்கின ஃபிளேம்ப்ரூஃப் லைட் வேணும்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு.

அந்தக் காலத்துல பாழுங்கிணத்துல தூர் வார இறங்கும்போது கயித்துல விளக்கைக் கட்டி முதல்ல இறக்குவாங்க. அணைஞ்சா இறங்க மாட்டாங்க. இங்கிலாந்து சுரங்கங்களுக்காக 1815-ல ஹம்ப்ரி டேவி செஞ்ச விளக்கும் அப்படித்தான், பிராணவாயு குறைஞ்சா சுடர் சுருங்கும். விளக்குக்கும் மூச்சு வேணும். எல்.ஈ.டி.க்கு வேண்டாம். காத்தே இல்லாத இடத்துலயும் பளிச்சுன்னு எரியும்.

எங்க பக்கத்துல ஒரு கழிவுத் தொட்டி. பம்ப் அடைச்சுக்கிச்சு. புதுசா சேர்ந்த தம்பி தலையில ஹெட்லைட் மாட்டிக்கிட்டு, "நல்லாத் தெரியுதுண்ணே, அஞ்சு நிமிஷம், இறங்கி எடுத்துடறேன்" என்றான். அடியில இருக்கிற சேறு வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சது, அதுதான் அவனுக்கு தைரியம். கையைப் பிடிச்சு நிறுத்தி, "தெரியுது தம்பி, காத்து தெரியுதா?" என்று கேட்டேன். கேஸ் மீட்டரைக் கயித்துல இறக்கினதும் அலறிச்சு. அவன் ஒண்ணும் பேசாம ஹெட்லைட்டைக் கழட்டினான். அன்னிக்கு யாரும் இறங்கல, பம்பையே சங்கிலி போட்டு மேல தூக்கினோம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்தைவிடக் கனம், அடியில தங்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அதிகமானா மூக்கே மரத்துப் போயிடும். சுடரும் அதைக் காட்டிக் கொடுக்காது, எரியற வாயு இருந்தா வெடிக்கவே செய்யும். அதனால பழைய விளக்குக்கே திரும்பலாம்னு நினைக்காதீங்க. நம்ம புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகர்ல 2024 ஜூன் 11 அன்று பாதாளச் சாக்கடை வாயு வீட்டுக் கழிவறை வழியா ஏறி 3 பேர் செத்தாங்க. அவங்க எந்தக் குழிக்குள்ளயும் இறங்கல, வீட்டுல இருந்தவங்க.

புதுசா கட்டின சம்ப்புல சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிச் சாகிறதும் இப்படித்தான். ஈரப் பலகை மக்கி உள்ள இருக்கிற பிராணவாயுவைத் தின்னுடும், நாத்தமே இருக்காது. ஒருத்தர் விழுந்தா காப்பாத்தப் போற அடுத்தவரும் விழுவார்.

அதனால லைட் வாங்கும்போதே இதையும் மனசுல வெச்சுக்கோங்க. மூடியைத் திறந்து, ப்ளோயர் வெச்சுக் காத்தடிச்சு, மீட்டர்ல பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் குறையாம இருக்கான்னும் விஷவாயு இல்லையான்னும் பார்த்து, மேல ஒரு ஆளை நிறுத்தி, இடுப்புல கயிறு கட்டின பிறகுதான் லைட்டுக்கு வேலை. மீட்டர் இல்லையா? இறங்காதீங்க, இறக்காதீங்க. சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் மெஷின் வண்டியைக் கூப்பிடுங்க. கூலி கூடுதல்தான், பரவாயில்ல.