லடாக் என்றால் பனி மட்டும்தானா?

சோமனூர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, லடாக் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தறிச் சத்தத்தையும் மீறி அறிவுரைகள் வந்து விழும். "வருசம் பூரா பனிதானுங்க, ரெண்டு ஸ்வெட்டராப் போட்டுக்குங்க." "ஊரே புத்த சாமியாருங்களாமா." "நாமதான் ஊட்டியெல்லாம் பாத்தவங்களாச்சே, ஒண்ணும் பண்ணாதுங்க."

பனியிலிருந்தே ஆரம்பிக்கலாம். குளிர்காலத்தில் லே நகரம் மைனஸ் 20 டிகிரி வரை உறையும், உண்மைதான். ஆனால் ஜூலைப் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். இமயமலை மழைமேகத்தை மறித்துவிடுவதால், லேவில் மழையும் பனியுமாக ஆண்டுக்குக் கிடைப்பதே சுமார் 100 மி.மீ.தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கோவைப் பக்கம்கூட 600 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அதுவே போதாமல்தான் அத்திக்கடவு - அவினாசித் திட்டத்துக்காக ஜனங்கள் அறுபது வருஷம் காத்திருந்து, 2024 ஆகஸ்ட்டில் அது தொடங்கியதைப் பார்த்தார்கள்.

லடாக் விவசாயிக்கு மழை கணக்கிலேயே கிடையாது. மலை உச்சிப் பனி உருகி வாய்க்காலில் வந்தால்தான் பார்லியும் கோதுமையும் விளையும். கிராமத்தில் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிட ஒருவர் இருப்பார். இந்த முறைத் தண்ணீர் விவகாரம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! சிக்கல் என்னவென்றால், விதைக்கும் வசந்த காலத்தில் உயரத்துப் பனி இன்னும் உருகியிருக்காது. அதற்காகவே செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தாழ்வான இடங்களிலேயே தேக்கி உறையவிட்டு, செயற்கைப் பனிப்பாறைகள் அமைத்தார். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் அதே நீரைக் கோபுரம்போல உறையவைத்துக் காட்டினார்.

அங்கத்திய கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தண்ணீரே இல்லை, மண்ணைத்தான் தள்ளிவிட வேண்டும். மட்கியதும் அது வயலுக்கு எரு. ஒரு சொட்டு நீர் செலவில்லாத ஏற்பாடு. பயணிகளுக்காக விடுதிகள் ஃப்ளஷ் வைத்தன, ஆழ்துளைக் கிணறு தோண்டின. இப்போது லேவின் நிலத்தடி நீருக்கு ஆபத்து வந்திருக்கிறது. எது நாகரிகம் என்று அந்தக் கழிப்பறைக் கதவைத் திறக்கும்போது யோசிக்கலாம்.

பஷ்மினாவுக்காக ஆட்டைக் கொல்வதாகவும் ஒரு பேச்சு உண்டு. இல்லை. சாங்தாங் மேட்டுநில ஆடுகளின் அடிமுடியை, அது தானாக உதிரும் பருவத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். விசைத்தறியின் வேகத்தை அந்த மெல்லிய நூல் தாங்காது என்பதைச் சோமனூர்க்காரர் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஊரே புத்த சாமியார்கள் என்பதும் சரியில்லை. கார்கில் பக்கம் முஸ்லிம்களே அதிகம்.

ஊட்டிக் கணக்குதான் உயிரோடு விளையாடுவது. ஊட்டி 2,240 மீட்டர். லே சுமார் 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு எடுக்க வேண்டும். உடற்பயிற்சி செய்யும் இளைஞருக்கும் இதில் சலுகை இல்லை. தலைவலி, வாந்தியோடு மூச்சுத்திணறலும் கூடினால் உடனே மருத்துவரைப் பாருங்கள், உயரத்தைவிட்டுக் கீழே இறங்குங்கள். இன்னொன்று, நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.