ஆறாம் வேற்றுமை

பறவைகளின் லத்தீன் பெயர்களில் கடைசி எழுத்தைப் பார்ப்பது எனக்குச் சில வருஷங்களாக ஒரு பழக்கம். ‘ஜெர்டோனி’ என்றால் ஜெர்டனுடைய. சாதாரணமாக, ஆணின் பெயரானால் ‘இ’, பெண்ணின் பெயரானால் ‘ஏ’. நமது ‘உடைய’ பால் பார்ப்பதில்லை, லத்தீன் பார்க்கிறது. பெரும்பாலும் ‘இ’தான். எப்போதாவது ஒரு ‘ஏ’ வந்தால் யார் இவள் என்று தேடத் தோன்றும்.

அப்படிக் கிடைத்தவள் ‘கூல்டியே’. ஹிமாலயத் தேன்சிட்டு ஒன்றுக்கு 1831இல் விகர்ஸ் வைத்த பெயர். எலிசபெத் கூல்ட் ஹிமாலயத்தைப் பார்த்ததில்லை. லண்டனுக்கு வந்து சேர்ந்த பறவைத் தோல்களை வைத்துக்கொண்டு, 100 பறவைகளை 80 படங்களில் கல்லச்சுக்கு வரைந்தாள். டார்வின் பீகிள் கப்பலில் கொண்டுவந்த பறவைகளுக்கு 50 படங்கள். இன்று டார்வின் பெயரால் வழங்கும் கலாபகஸ் குருவிகள் அவற்றில் உண்டு. 1838இல் மூன்று குழந்தைகளை விட்டுவிட்டுக் கணவனோடு ஆஸ்திரேலியா போனாள், 1840இல் திரும்பினாள். மறுவருஷம், எட்டாவது பிரசவத்துக்குப் பின், 37 வயதில் இறந்தாள். 1844இல் ஜான் கூல்ட் அங்கத்திய வண்ணச் சில்லை ஒன்றுக்கு அவள் நினைவாக அதே ‘கூல்டியே’யை வைத்தான்.

இரண்டு பறவைகள். இரண்டிலும் கணவனின் குடும்பப் பெயர். எலிசபெத் எதிலும் இல்லை. அவள் பிறந்த வீட்டுப் பெயர் காக்ஸன். அதுவும் ஒரு கிளிக்கு உண்டு, 1867இல் கூல்டே வைத்தது. ஆனால் அது அவள் சகோதரன் சார்ல்ஸுக்காக, ‘இ’யில் முடிகிறது. கூல்டின் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவள் பெண் என்பது மட்டும் இலக்கணத்துக்குத் தெரிந்திருக்கிறது.

என் முதல் கவிதைத் தொகுப்பை அச்சுக்காக முழுக்கப் பிரதி எடுத்தவள் என் மனைவி. இரண்டு இடங்களில் வரி சரியில்லை என்றாள். அவள் சொன்னபடியே மாற்றினேன். சமர்ப்பணப் பக்கத்தில் ‘என் மனைவிக்கு’ என்று போட்டேன். அடக்கமாக இருக்கிறது என்றார்கள் நண்பர்கள். எலிசபெத்தைப் பற்றிப் படித்த இரவு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மனைவியிடமும் சொன்னேன்.

“பேரைப் போட்டிருந்தா மட்டும் அந்த ரெண்டு வரி யாருதுன்னு தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.